கசிவு நின்ற காலை

கரையடியில் இருந்த கசிவுக் குழாய் அன்று காலை சொட்டவில்லை.

கரைக்காரர் கண்ணாடி போத்தலை அதன் வாயில் பிடித்தபடி வெகுநேரம் குனிந்து நின்றார். ஒன்பது வருடமாக, மழையோ வெயிலோ, அந்தக் குழாய் ஒரு நாளும் ஓய்ந்ததில்லை. போத்தல் நிரம்ப நாற்பது நொடி ஆகும். அதை எண்ணி நோட்டில் எழுதுவதுதான் அவருடைய முதல் வேலை. இன்று குழாயின் இருட்டுக்குள்ளிருந்து பச்சை மண்ணின் வாடையும், யாரோ வாய் திறந்து தூங்குவது போல மெல்லிய குளிர்காற்றும் மட்டும் வந்தன.

கரைக்காரர் என்பது ஊர் வைத்த பேர். பூங்காவில் பெடல் படகு விடுவதற்காகக் கட்டிய சின்ன ஏரி அது. மூன்று ஆள் உயர மண்கரைதான் அதைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கரையைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கரையடியிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் அவர் வீடு. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அது ஒன்றும் தப்பில்லை. கசிவு தெளிவாக இருக்கிறதா என்பதுதான் விஷயம். பிடித்த தண்ணீரை ஜன்னலில் வைத்துவிட்டு மாலையில் பார்க்க வேண்டும். அடியில் மண் தங்கியிருந்தால், தண்ணீர் கரையை உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

கரைக்காரர் பூங்கா மேலாளரைத்தான் போனில் கூப்பிட்டார்.

"நின்னுடுச்சா? நல்லதாப் போச்சு. ஒழுகுறது தானா அடைஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்படுங்க."

"தண்ணி நிக்காது சார். வேற வழி பிடிச்சிருக்கும்."

"சனிக்கிழமை ஸ்கூல் பிள்ளைங்க வராங்க. அதுவரைக்கும் எதையாவது கிளப்பி விட்டுடாதீங்க."

மேலாளரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. மூன்று மாதமாகப் போத்தலின் அடியில் நகக்கனத்துக்கு மண் படிந்துகொண்டே இருந்தது. கரைக்காரர் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, நோட்டில் 'தெளிவு' என்று எழுதிவந்தார். கை நடுங்கியதில்லை. எழுத்துகூட அழகாகவே இருந்தது.

உண்மையை எழுதினால் இன்ஜினியர் வருவார். வந்தால் தோண்டுவார். தோண்டினால் என்ன கிடைக்கும் என்பது கரைக்காரருக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்னால், படகு சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள், கரையின் மேல் ஒரு குழி விழுந்தது. ஓர் ஆள் இறங்கும் அகலம். குழி விழுந்தால் அடி தெரியும்வரை தோண்டிப் பார்க்க வேண்டும், பார்க்காமல் மூடக் கூடாது என்று இன்ஜினியர் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருந்தார். தோண்ட நேரமில்லை. மண் லாரி ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. படகுத் துறையில் வேலை பார்த்த மச்சான், அதாவது அவர் மனைவியின் ஒரே தம்பி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சிரித்தான்.

"மாமா, உங்க கரைக்கு வயித்துல புண்ணு. நான் எட்டிப் பாத்துட்டு வரேன்."

அவன் இறங்கிய ஐந்தாவது நிமிடம், லாரி வாசலில் திரும்ப முடியாமல் நிற்கிறது என்று மேலாளர் கத்தினார். கரைக்காரர் போனார். லாரியோடு திரும்பி வந்தபோது கயிறு அவிழ்ந்து விளிம்பில் கிடந்தது. குழிக்குள் இருட்டு. இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. ஏறி வந்து சிகரெட் பிடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தார். வானம் கருத்தது, டிரைவர் ஹாரனில் கை வைத்தபடி இருந்தார், மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கரைக்காரர் தலையாட்டினார், லாரி மண்ணைக் குழிக்குள் கொட்டியது. மண் சரிந்த சத்தத்துக்கு நடுவில் ஓர் இருமல் கேட்டதா என்று தன்னையே பலமுறை கேட்டிருக்கிறார். கேட்டது. கேட்கவில்லை. இரண்டும் அவருக்கு ஒன்றாகிவிட்டன.

வேறு ஊரில் வேலை தேடிப் போகப்போவதாக அவன் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தான். போய்விட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் சொன்னார். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவது போல, அன்றைக்கு நெஞ்சு மரத்துப்போனது. கால் என்றால் உதறினால் சரியாகும். இதை எங்கே போய் உதறுவது.

வீட்டுக்கு வந்தார். மேகம் அடைத்துக்கொண்டதால் பகலிலேயே சமையலறையில் விளக்கு எரிந்தது. வாசற்படி தாண்டும்போதே பாதம் சில்லென்றது. தரை ஓடுகளின் இடுக்குகளில் ஈரம் ஊறி, அங்கங்கே ஓடுகள் லேசாக மேலே எழும்பியிருந்தன. குழாயில் வந்த அதே பச்சை மண் வாடை இங்கே எண்ணெய் வாசனையையும் சோப்பு வாசனையையும் அமுக்கிவிட்டு நின்றது. மனைவி அடுப்படியில் மண்டியிட்டு, தரையில் காதை வைத்துக் கிடந்தாள்.

"என்னங்க, சத்தம் போடாம வாங்க."

"என்ன பண்ற?"

"இருமுறான்."

அவள் முகத்தில் சிரிப்பு. மூன்று மாதத்தில் முதல் தடவை.

அவரும் குனிந்து காது கொடுத்தார். தரைக்கடியில் தண்ணீர் நகரும் சலசலப்பு. பிறகு ஏதோ சுரண்டும் சத்தம். நிற்கும். மூச்சு வாங்குவது போல ஓர் இடைவெளி. மறுபடி சுரண்டும்.

"கிளம்பு. மேட்டுத் தெருவுல உன் சித்தி வீட்டுக்குப் போ. இப்பவே."

"எதுக்கு?"

சொல்லியிருக்கலாம். "தரை ஈரமா இருக்கு" என்றுதான் வாயில் வந்தது.

"ஈரத்தைத் துடைச்சாப் போச்சு. அவன் வர்ற நேரத்துல வீடு பூட்டிக் கிடந்தா நல்லாவா இருக்கும்?"

வெளியே வந்து இன்ஜினியருக்குப் போன் போட்டார். குழாய் வறண்டதைச் சொன்னார். வீட்டுத் தரையைச் சொன்னார்.

"மதகைத் திறங்க. வீட்ல இருக்குறவங்களை மேட்டுக்கு அனுப்புங்க. நான் ரெண்டு மணி நேரத்துல ஆளுங்களோட வரேன். ஒண்ணு மட்டும். கரையில எங்கயும் தோண்டிடாதீங்க."

மதகுச் சக்கரத்தைக் கடைசிவரை சுற்றினார். ஏரி இறங்க ஒரு நாளாவது ஆகும். இரண்டு மணி நேரத்தில் ஆட்கள் வருவார்கள். மண்ணை அள்ளுவார்கள். அவள் முந்தானையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்று பார்ப்பாள். அதை மட்டும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மற்றதெல்லாம் நடந்தால் நடக்கட்டும் என்றிருந்தது. முதலில் அவனைத் தானே எடுத்துவிட வேண்டும். எடுத்துத் துணி போர்த்திவிட்டு, பிறகு அவளிடம் சொல்ல வேண்டும். மண்வெட்டியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கரையேறினார்.

மேலே பனி மூட்டமாக இருந்தது. ஏரி தெரியவில்லை, கட்டிப்போட்ட படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது, ஒரே தாளத்தில், யாரோ வேலை மெனக்கெட்டு எண்ணுவது போல. குழி மூடிய இடத்தில் புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக வளர்ந்திருந்தது. முதல் வெட்டு ஆழமாக இறங்கியது. இரண்டாவது அதைவிட. லாரி மண் இறுகியிருக்க வேண்டும், இறுகவில்லை. நாலாவது வெட்டில் மண்வெட்டி கையைவிட்டு நழுவி உள்ளே போனது. விழுந்த சத்தம் வரவில்லை.

மேல் மண் வெறும் மூடியாகத்தான் இருந்தது.

மண்டியிட்டார். கையால் விலக்கினார். டார்ச்சை அடித்தார்.

களிமண்ணில் ஒரு பள்ளம். குந்தியிருந்த ஓர் ஆளின் அச்சு. முதுகு. தோள். முழங்கால். சட்டை மடிப்புகூடத் தெளிவாக.

ஆள் இல்லை.

முழங்கால் இருந்த இடத்திலிருந்து ஒரு வழி கீழே இறங்கியது. உருண்டையாக, தோள் அகலத்தில். சுவரெங்கும் கோடுகள். ஐந்து ஐந்தாக. தண்ணீர் அரித்தால் கோடு கோணலாக ஓடும். இது நேராகப் போனது. வீட்டை நோக்கி.

மூன்று மாத வேலை.

பயம் வர வேண்டும். வரவில்லை. அழுகையும் வரவில்லை. கால் விரலில் மட்டும் ஏதோ குளிர்ந்தது.

அப்போது அந்த வழிக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. நாற்பது எட்டுக்கு அப்பால் இருப்பவளின் குரல், காதருகே நின்று பேசுவது போல.

"வாடா... மெதுவா. தலை இடிக்கப் போகுது."

தரை ஓடு பெயரும் சத்தம். ஓர் இருமல். ஈரமான, நீளமான இருமல்.

"ஐயோ, எப்படிடா இருக்க இப்படி? பரவால்ல, காலைத் துடைச்சுட்டு உள்ள வா. உக்காரு. மாமாவைக் கூப்பிடறேன்."

"வேணாம்க்கா."

அதே குரல். வாயில் மண்ணை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"மாமா மேலதான் நிக்கிறாரு. பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு."

கீழே பார்த்தார். பனியில் சமையலறை ஜன்னல் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அவள் குனிந்து, இரண்டு கையாலும் எதையோ தரையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஓடு, வெளியே ஓடு என்று கத்த வாயைத் திறந்தார். நாக்கு அசையவில்லை. கையும் அசையவில்லை.

பின்னால் படகுகளின் சத்தம் நின்றது.

ஏரிப்பக்கத்து மண் ஒரு பிடி சரிந்தது. இன்னொரு பிடி. தண்ணீர் வந்தது. அவசரமில்லாமல், அவர் பாதத்தைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போலத் தெளிவாக, அந்த வழிக்குள் இறங்கிப் போனது. ஜன்னலில் அவளுக்குப் பக்கத்தில் மண் நிறத்தில் ஓர் ஆள் நிமிர்ந்தான். அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.