ஐந்து பச்சைக் கோடுகள்

ரவுட்டருக்கு எதிரே, ஒரு முழத் தூரத்தில் வைத்தபோது மடிக்கணினித் திரையின் மூலையில் ஒரே ஒரு பச்சைக் கோடுதான் எரிந்தது. விறாந்தையில் இரண்டு. சாப்பாட்டு அறையில் மூன்று. குசினிக்குப் போகும் நடையில், பூட்டிக் கிடந்த அந்தப் பழைய பலாமரக் கதவுக்கு முன்னால் நின்றபோது, ஐந்தும்.

தூரம் கூடக் கூட அலை மெலியும் என்று மகன் நாதன் ரொரன்ரோவிலிருந்து அனுப்பிய தாளில் தெளிவாக எழுதியிருந்தது. தில்லையம்பலம் தாளை மறுபடி படித்தார். மாத்தளைக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், முப்பத்து நான்கு வருடம் இருந்து, பிரதம இலிகிதராக ஓய்வுபெற்றவர் அவர். எழுத்தில் உள்ளதற்கு மாறாக ஒன்று நடந்தால், நடந்ததைத்தான் சந்தேகிப்பார்.

"சேர், இது என்ன கூத்து?" என்றார் யாகூப். வானொலி திருத்தித் தொடங்கி இப்போது கணினிவரை வந்திருக்கும் கடைக்காரர். தலையில் நரையும் தொப்பியும். "டவுண் முழுக்க இருவது வீட்டுக்கு இது பூட்டிக் குடுத்தீக்கன். ஒரு எடத்துலயும் இப்பிடித் தலகீழா நடக்கல்ல."

"வீட்டுச் சுவர் கருங்கல்லு. அதாலயாயிருக்கும்."

"கருங்கல்லுன்னா கொறயோணும் சேர். கூடப்படாது. அந்தக் கதவுக்குப் பின்னால என்ன ஈக்குது?"

"சாமான் அறை."

"தொறந்து பாப்பமா?"

"தேவையில்லை."

கச்சேரியில் பியோன்மார் கேட்டு ஒதுங்கிய அதே குரல். யாகூப் சிரித்துக்கொண்டு ரவுட்டரின் பக்கத்தைத் திரையில் திறந்தார். யார் யார் இந்த அலையில் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வந்தது. மடிக்கணினி ஒன்று. கமரா, இன்னும் பிடிபடாமல், ஒன்று. மூன்றாவதாகப் பெயரில்லாத ஒன்று.

"ஒங்கட வீட்டுல எத்தின பேர் சேர்?"

"நானும் மனிசியும்."

"அப்ப மூணாவது ஆளு? பக்கத்து வீட்டுக்காரன் ஓசியில குந்திக்கிட்டானா?"

இரத்தோட்டை வீதியில், மிளகும் கொக்கோவும் சூழ்ந்த அந்த வளவுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று இல்லை. யாகூப் அதை அழித்தார். பட்டியல் ஒருமுறை கண்சிமிட்டியது. மூன்றாவது வரி திரும்ப வந்து நின்றது. பாஸ்வேர்டை மாற்றி மறுபடி அழித்தார். வந்தது. எவ்வளவு நேரமாக இணைந்திருக்கிறது என்று காட்டும் இடத்தில் ஒரு நீண்ட எண் இருந்தது. யாகூப் கைத்தொலைபேசியில் வகுத்துப் பார்த்துத் தொடையில் தட்டினார்.

"பத்தொம்பது வருஷமாம்! நேத்துப் பெட்டியால எடுத்த சாமான் சேர் இது. சைனாக்காரன் மனுசனப் பைத்தியமாக்குறான்."

தில்லையம்பலம் சிரிக்கவில்லை. இது இரண்டாயிரத்து எட்டு. பத்தொன்பதைக் கழிக்க அவருக்குத் தொலைபேசி தேவைப்படவில்லை.

மழை வலுத்துக்கொண்டு வந்தது. பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நின்று அடையாள அட்டை காட்டி மஃரிபுத் தொழுகைக்கு முன் வீடு சேர வேண்டும் என்று யாகூப் பையைக் கட்டினார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "முன் ஹோலுல கமரா பிடிக்காது சேர். அந்தக் கதவுக்கு உள்ளுக்கு வெச்சாப் பிடிக்கும். வேற வழி இல்ல."

ஐந்து மணி. இன்னும் ஒரு மணித்தியாலம்.

ஆறு மணிக்கு, ரொரன்ரோவில் விடிந்திருக்கும் நேரத்தில், நாதனுக்குப் பேசும் பெண்ணின் வீட்டார் அவனோடு சேர்ந்து கணினிக்கு முன்னால் உட்காருவார்கள். சம்பந்தம் பேசி முடிப்பதற்கு முன் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். சண்டை நடக்கிற நாட்டுக்கு வர முடியாது. ஆகவே இந்தக் கமரா. தெல்லிப்பழையில் மூன்று தலைமுறையாக ஒரு சொல் கேளாத குடும்பம் அவருடையது. இன்று படம் தெரியாவிட்டால் "ஏதோ மறைக்கினம்" என்று அவர்கள் சொல்வார்கள். சொன்னால், ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குவார்கள். முதலாவது கேள்வியை ஏற்கெனவே தரகர் மூலம் கேட்டிருந்தார்கள். மூத்த மகள் எங்கே?

லண்டனில், நல்லாயிருக்கிறாள் என்று எழுதியிருந்தார். பத்தொன்பது வருடமாக ஊருக்கும், உறவுக்கும், அப்போது பள்ளி விடுதியில் இருந்த நாதனுக்கும் எழுதிய அதே வரி. எங்களோடு கோபம், கதைப்பதில்லை என்று நாதனுக்கு மட்டும் இன்னொரு வரி.

மகள் தங்கேஸ்வரிக்கு அப்போது இருபத்தொரு வயது. இரத்தோட்டைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த அழகமுத்துவைத்தான் கட்டுவேன் என்றாள். கங்காணியின் பேரன். தில்லையம்பலம் கை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. அந்தப் பலாமரக் கதவு அறையில் விட்டுப் பூட்டினார். மனம் மாறும் என்று நினைத்தார். ஒன்பதாம் நாள் கதவைத் தட்டி, தொய்வு வந்திட்டுது, மூச்சு விட ஏலாமல் கிடக்குது என்றாள். நடிப்பு என்று நினைத்தார். ஊரடங்கு நேரம் வேறு. தட்டல் விட்டு விட்டுக் கேட்டது, பிறகு கீழிருந்து கேட்டது, பிறகு கேட்கவில்லை. அவர் அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். அதைத்தான் அவரால் இன்றுவரை யாரிடமும் சொல்ல முடியாது.

கிளர்ச்சியும் கொலையுமாக இருந்த அந்த வருடம் மாத்தளையில் யாரும் யாரையும் தேடவில்லை. தெருவோரம் எரிந்து கிடந்தவர்களுக்கே பெயர் இருக்கவில்லை. பின் வளவில் மிளகுக்கொடிக்குக் கீழே அவரும் மனைவி நேசம்மாவுமாகக் குழி வெட்டினார்கள். கொள்ளி இல்லை. எட்டு இல்லை. அந்தியேட்டி இல்லை. செத்தவர்களுக்குத்தானே அதெல்லாம் செய்வது? அவள் லண்டனுக்கல்லவா போனாள்.

நேசம்மா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் கேட்பதற்கு முன்பே, சட்டையில் குத்தியிருந்த ஊசியிலிருந்து திறப்பைக் கழற்றி நீட்டினாள்.

"இப்பவெண்டாலும் திறக்கிறியளே," என்றாள்.

திறப்பு இலகுவாகத் திரும்பியது. திரும்பியிருக்கக் கூடாது. பத்தொன்பது வருடப் பூட்டு இறுகிப் போயிருக்க வேண்டும், உள்ளே ஒட்டடையும் எலிப்புழுக்கையும் செத்த காற்றும் இருக்க வேண்டும் என்று தன்னைத் தயார்படுத்திக்கொண்டே கதவைத் தள்ளியவரின் முகத்தில், அப்போதுதான் மழை விழுந்த மண்ணின் வாசம் வந்து மோதியது. மின்குமிழ் எரிந்தது. நிலத்தில் தூசு இல்லை. யன்னல் பலகையில் தூசு இல்லை. ஓட்டில் மழை கொட்டுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. இந்த அறைக்குள் மட்டும் கேட்கவில்லை.

அவர் கடமையைச் செய்தார். மேசை விரிப்பு கொண்டுவந்தார். சரஸ்வதி படத்தை மாட்டினார். இரண்டு கதிரைகளைச் சுவரோடு போட்டார், தனக்கொன்று, நேசம்மாவுக்கொன்று. கமராவை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தார். பகல் முழுவதும் சிவப்பாகவே கண்சிமிட்டிய விளக்கு, கை எடுக்கும் முன் பச்சையானது. மடிக்கணினியில் படம் விழுந்தது. சுவர், சரஸ்வதி, இரண்டு வெறுங்கதிரைகள். படம் மூன்று வினாடிக்கு ஒருமுறை மாறியது, அவ்வளவுதான். நாதனின் தாளில் அதுவும் எழுதியிருந்தது.

"நேசம், சீலையை மாத்திப்போட்டு வந்து இரும்."

அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. "அந்தக் கதிரை எனக்கில்லை."

"இப்ப உந்தக் கதை வேண்டாம். அவையள் எடுக்கப் போயினம்."

"நீங்கள் இருங்கோ. நான் இதில நிண்டு பாக்கிறன்."

கைத்தொலைபேசி அடித்தது. அவர் வேட்டியைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்பா! படம் வடிவாத் தெரியுது!" நாதனின் குரல். பின்னால் ஆட்களின் சிரிப்பு, கோப்பைகள் வைக்கும் சத்தம். ஒரு பெண்குரல் முன்னுக்கு வந்தது, பெண்ணின் தாய். "வணக்கம் அண்ணை. மாத்தளையில மழையோ? எங்களுக்கு இஞ்ச சினோப் பனி கொட்டுது. அதென்ன, பக்கத்தில மகளே? லண்டனால வந்து நிக்கிறாவோ? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

தில்லையம்பலம் பக்கத்தில் பார்த்தார். வெறுங்கதிரை.

திரையில் பார்த்தார்.

குனிந்த தலை. நனைந்த கூந்தல் முழங்கால்வரை. மடியில் கைகள்.

யாரும் இல்லை என்று சொல்லலாம். சொன்னால், அப்போ இது ஆர் என்பார்கள். மகளில்லை என்றால், மகள் எங்கே என்பார்கள். எந்த வழியால் போனாலும் மிளகுக்கொடியடியில்தான் போய் முடிந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"ஓம்," என்றார். "மகள்தான்."

மறுமுனையில் நாதன் முன்னுக்கு வந்தான். "அக்காவோ?" குரல் சின்னப் பிள்ளையினுடையதாகிவிட்டது. "எப்ப வந்தவ? அக்கா, என்னோட கதை அக்கா... அவ ஏதோ சொல்லுறா அப்பா, வாய் அசையுது. கமராவில சத்தம் வராது, போனைக் குடுங்கோ."

காலால் தடவிக் கமராவின் மின்செருகியை இழுத்தார். கழன்றது. கமராவின் பச்சை விளக்கு அணைந்தது. திரை அணையவில்லை.

படம் மாறியது. இருந்தது. தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

"தம்பி, லைன்... லைன் சரியில்லை. வைக்கப் போறன்."

"இல்லை அண்ணை, கண்ணாடி மாதிரித் தெரியுது," என்று பெண்ணின் தகப்பன் சிரித்தார். "பிள்ளைக்கு வெக்கமாக்கும். எங்கட வீட்டிலயும் மூத்தது இப்பிடித்தான், படமெண்டால் குனிஞ்சிடும். நீங்கள் கொஞ்சம் கிட்ட நெருங்கி இருங்கோ. தகப்பனையும் மகளையும் ஒண்டாப் பாப்பம்."

எழும்பினால் எழும்பியதைப் பார்ப்பார்கள். அவர் கதிரையோடு நகர்ந்தார். ஒரு அங்குலம். இன்னும் ஒன்று. தோளின் அந்தப் பக்கம் மட்டும் குளிர்ந்தது.

படம் மாறியது. அவருடைய மணிக்கட்டில் ஒரு கை.

கையைப் பார்த்தார். ஒன்றுமில்லை. தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை.

"நேசம்." உதட்டை அசைக்காமல் கூப்பிட்டார். "நேசம், இஞ்ச வாரும்."

நேசம்மா திரையைப் பார்க்கவேயில்லை. வெறுங்கதிரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை வருடத்தில் அவர் கண்டிராத முகம்.

"சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டாள்.

படம் மாறியது. முகம் முழுவதும் நிமிர்ந்திருந்தது. கமராவை அல்ல, அவரைப் பார்த்து.

"அண்ணை, ஏன் இப்பிடி விறைச்சுப் போய் இருக்கிறியள்?" என்றது தொலைபேசி. "நல்ல காரியம் பேசிற நேரம். கொஞ்சம் சிரியுங்கோவன்."

அவர் சிரித்தார்.

திரையில் அவளும் சிரிக்க வாய் திறந்தாள். ரொரன்ரோவில் யாரோ கைதட்டினார்கள். அவர் குனிந்து தன் மடியைப் பார்த்தார். வெள்ளை வேட்டியில், வெறுங்கதிரையின் பக்கமிருந்து, ஈரமாக, கறுப்பாக, மண் விழுந்துகொண்டேயிருந்தது.