இருபதுக்கு அப்புறம்

கொரெமே ஊரில் ஆட்களை ஏற்றிப் பறக்கும் பெரிய பலூன்கள் கிளம்புமுன், ஒரு சின்னக் கறுப்பு பலூனை மேலே விடுவார்கள். அது போகும் திசைதான் காற்றின் திசை. இருபது எண்ணுவதற்குள் அது கூம்புப் பாறையின் உயரத்தைத் தாண்டிவிடும். உடனே எல்லோரும் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

நெஹிர் மட்டும் போக மாட்டாள். எந்த எண்ணில் பலூன் கண்ணுக்கு மறைகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இதுவரை அதிகபட்சம் நூற்றுப் பதினெட்டு.

அன்றும் எண்ணினாள். முப்பத்தொன்பது, நாற்பது. நேராக ஏறிய பலூன், யாரோ பிடித்து இழுத்ததுபோல் கிழக்கே பாய்ந்தது. அந்தப் பக்கம் மின்கம்பிகள்.

அவளுடைய அம்மா நில்கூன்தான் பெரிய பலூனை ஓட்டுபவர். பயணிகளைக் கூடையில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மேல காத்து வேற மாதிரி இருக்கு."

முதலாளி ஹிக்மெத் தேநீரோடு குறுக்கே வந்தார். "நானே நின்னு இருபது எண்ணினேன். நேராத்தான் போச்சு."

"இருபதுக்கு அப்புறம் பார்த்தீங்களா, மாமா?"

"முப்பது வருஷமா இருபதுதான். போய் வேன்ல உக்காரு."

நெஹிர் வேனுக்குப் போனாள். உட்காரவில்லை. உள்ளே இன்னொரு கறுப்பு பலூன் கூரையில் முட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்கூட நாற்பது எண்ணுங்க, மாமா. நேரா போனா இன்னிக்கு முழுக்க நான் வாயே திறக்க மாட்டேன்."

"இவளா? அதுக்காகவே எண்ணலாம், ஹிக்மெத் அண்ணே" என்றார் அம்மா.

பயணிகளும் சேர்ந்துகொண்டு, அவரவர் மொழியில் எண்ணினார்கள். முப்பத்தேழாவது எண்ணில் பலூன் வெடுக்கென்று கிழக்கே ஓடியது. எண்ணிக்கை நின்றுபோயிற்று.

அம்மா பலூனுக்குள் சூடேற்றும் பர்னரை அணைத்தார். "எல்லாரும் இறங்குங்க."

"பக்கத்துக் கம்பெனி கிளம்பிடுச்சே, நில்கூன்" என்று முணுமுணுத்தார் ஹிக்மெத்.

அந்தக் கம்பெனியின் பலூன் பாறையைத் தாண்டி மேலே போனதும் காற்று அதை அள்ளிக்கொண்டு போயிற்று. மின்கம்பிகளை மயிரிழையில் தாண்டியது. திராட்சைத் தோட்டத்தில் விழுந்து, கூடை கவிழ்ந்து, தரதரவென்று இழுபட்டது. ஹிக்மெத்தின் வேன்தான் முதலில் அங்கே போய்ச் சேர்ந்தது. ஒருவருக்குக் கை முறிந்திருந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

மறுநாள் காற்று அடங்கியிருந்தது. கறுப்பு பலூன் ஏறியது. இருபது எண்ணியதும் ஆட்கள் தேநீர்ப் பக்கம் திரும்பினார்கள்.

"எவனும் நகரக் கூடாது" என்றார் ஹிக்மெத்.

நூற்று இருபத்தொன்று வரை எண்ணிவிட்டு, "மறைஞ்சிடுச்சு" என்றாள் நெஹிர்.

ஹிக்மெத்தின் கையில் தேநீர் ஆறிப்போயிருந்தது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு வானத்தையே பார்த்தார்.

"எனக்கு இன்னும் தெரியுது. நீ எண்ணு."