சுண்ணாம்புக் கை

புழுக்கள் தோலுரிக்கும் தூக்கத்தில் தலையைத் தூக்கி அசையாமல் கிடந்தன. காலையிலிருந்து ஒரு முசுக்கொட்டை இலைகூடப் போடவில்லை. அப்படியிருந்தும் பட்டுப்புழுக் கொட்டகைக்குள் எதுவோ தின்னும் சத்தம் கோவிந்தனுக்குக் கேட்டது. சொதசொதவென்று, வாயை மூடாமல் மெல்லும் சத்தம். கூடவே, திரிந்த பாலும் அழுகிய முட்டையும் கலந்த நாற்றம் வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. சீ!

அவனுக்கு மனச்சிதைவு நோய் வந்து ஆறு வருஷம். இல்லாத குரலும் இல்லாத நாற்றமும் பழகினவைதான். ஆனால் பயந்தால் அவனுக்குக் கை வேர்க்காது. டாக்டர் விரலில் வேர்வை அளக்கும் கருவியை மாட்டி, காதோரம் திடீரென்று சத்தம் எழுப்பியும் திரையில் கோடு அசையவில்லை. இந்த நோயில் சிலருக்கு உடம்பு இப்படி மரத்துப்போகும் என்றார். அதனால் அவன் மனைவி காவேரி ஒரு வழி வைத்திருந்தாள். எதையாவது கண்டு மிரண்டால் அவன் அவள் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பயந்தால் அவளுக்கு உள்ளங்கை வேர்த்து ஊற்றும். காய்ந்திருந்தால் அங்கே ஒன்றுமில்லை. உலகத்தில் அவன் நம்பியது அந்தக் கை ஒன்றைத்தான்.

அவளைக் கூப்பிட்டான். புழுவுக்கு நோய் ஒட்டக்கூடாதென்று எல்லோரும் செய்வதுபோல, வாசலில் கைகால் கழுவி, சுண்ணாம்புத்தூளை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு வந்தாள். அவன் கடைசி அடுக்கைக் காட்டினான். அங்கே புழுக்கள் மஞ்சளாய் ஊதி, ஒவ்வொன்றாய் வெடித்து, வெள்ளையாய்க் கொழகொழவென்று வடிந்துகொண்டிருந்தன. அதற்கு மேலே, கூரையோரம் இருட்டு.

காவேரி அந்த இருட்டையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"ஒன்னுமில்லீங்க. வாங்க, வூட்டுக்குப் போலாம்."

காய்ந்த கை. அப்பாடா என்றிருந்தது. அவளோடு வாசல் பக்கம் திரும்பி நடந்தான்.

மெல்லும் சத்தம் பின்னாலேயே வந்தது.

கோவிந்தன் தன் விரல்களைப் பார்த்தான். வெள்ளைத் தூள். சுண்ணாம்பு பூசின கை எப்படி ஈரமாகத் தெரியும்? இத்தனை நாளும் இந்தக் கொட்டகைக்குள் அவள் நீட்டியதெல்லாம் சுண்ணாம்புக் கைதான்.

அவள் உள்ளங்கையைத் தன் லுங்கியில் அழுத்தித் துடைத்தான். மறுபடி பிடித்தான்.

ஈரம்.

துடைத்தான். மறுபடியும் ஈரம். சொட்டியது.

"திரும்பிப் பாக்காதீங்க," என்றாள் காவேரி. உதடு மட்டும் அசைந்தது.

சத்தம் நின்றது. மேலேயிருந்து அவன் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக. கொழகொழவென்று.

அவள் பிடிக்காத தன் இன்னொரு கையை அவன் மெல்ல மூடினான்.

அதுவும் வேர்த்திருந்தது.