கருப்பட்டிக்குத் தூக்கம் இல்லை

செவ்வாயின் மூன்றாம் சுரங்க நகரில் இருந்த விலங்கு மருத்துவமனையில், உடம்புக்கு என்ன என்பதை நோயாளியிடமே கேட்டுவிடுவார்கள். கழுத்தில் உணர்மொழிப் பட்டையைக் கட்டினால் போதும். விலங்கின் நரம்புகளில் ஓடும் பசி, வலி, பயம் எல்லாவற்றையும் படித்து, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொல்லிவிடும். கூடத்தில் ஒரு முயல் அரைமணி நேரமாகத் தன் பல்வலியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வைரமணிக்கும் அதைக் கேட்கத் தெம்பில்லை. காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பத்து மணி நேர வேலையை முடித்த கையோடு, வீட்டிலிருந்து பூனைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். கருப்பட்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் வழக்கமான பரிசோதனை. அதை வளர்க்கத் தொடங்கிய இந்த ஏழு வருடத்தில் ஒருமுறைகூட அவள் தவறவிட்டதில்லை.

டாக்டர் சலாவுதீன் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார். காதுக்குள் விளக்கடித்தார். வயிற்றை அமுக்கினார். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தார்.

"எடை குறைஞ்சிருக்கேம்மா. சாப்பிடுதா?"

"நல்லாத்தான் சாப்பிடுது டாக்டர். என்னைத்தான் தூங்க விடமாட்டேங்குது. கண் அசந்தா போதும், நெஞ்சு மேல ஏறி மிதிக்குது, மூஞ்சியப் பிறாண்டுது. இதுக்குத் தூக்க மருந்து ஏதாச்சும் குடுங்க. என்னால முடியல."

"அதுகிட்டயே கேட்டுடுவோம்" என்று அவர் பட்டையைக் கட்டினார்.

"தூக்கம் இல்லை" என்றது கருப்பட்டி, பட்டையின் ஏற்ற இறக்கமில்லாத குரலில்.

"ஏன்?"

"காவல் இருக்கிறேன். அவள் தூங்கும்போது நெஞ்சுச் சத்தம் நின்றுவிடுகிறது. மிதித்தால் திரும்ப வருகிறது. நேற்று நான்கு முறை."

முந்தாநாள் எரிச்சலில் பூனையைக் கட்டிலிலிருந்து தள்ளிவிட்டது வைரமணிக்கு நினைவு வந்தது. தள்ளிய பிறகும் அது ஏறி வந்திருந்தது.

"மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்க எனக்கு அனுமதி இல்லம்மா" என்றார் டாக்டர். "ரெண்டாம் தளத்துல இதய மருத்துவமனை இருக்கு. இப்பவே போங்க."

"அதெல்லாம் அசதி டாக்டர். அடுத்த மாசம் வேலை குறையும், அப்போ பார்த்துக்கறேன்."

"கடைசியா எப்போ உடம்பைக் காட்டினீங்க?"

அவள் யோசித்துச் சொன்னாள். பதினோரு வருடத்துக்கு முன், பூமியிலிருந்து வந்த விண்கப்பலிலிருந்து இறங்கிய அன்று எல்லோருக்கும் செய்த சோதனைதான்.

"செத்துப்போனா என்ன பண்ணுவீங்க?" என்று டாக்டர் கோபமாகவே கேட்டார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது டாக்டர். காலையில ஷிப்ட் இருக்கு. இதுக்கு மட்டும் மருந்து எழுதிக் குடுங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டார். அதற்கு மேல் வாதாடவில்லை. ரத்தக் கருவியின் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"சரி, பூனையைப் பத்திப் பேசுவோம். பதற்றச் சுரப்பு ரெண்டு மடங்கு இருக்கு. இப்படியே கண் முழிச்சுக்கிட்டிருந்தா மூணு மாசத்துல இதோட சிறுநீரகம் போயிடும்."

"ஐயய்யோ!" வைரமணி எழுந்துவிட்டாள். "என்ன டாக்டர் சொல்றீங்க? இதுக்கு மருந்தே கிடையாதா?"

"மருந்தைக் குடுத்து இதைத் தூங்க வெச்சா உங்களை யார் எழுப்புறது? உங்க நெஞ்சு நிக்காம ஓடினா இது தானா தூங்கிடும்."

"ரெண்டாம் தளம்னீங்களே, லிப்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டபடியே அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். அன்றைக்கு அவ்வளவு வேகமாக அவள் நடந்தது அப்போதுதான்.

இதய மருத்துவமனையின் வரவேற்பில் இருந்த செவிலி நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"என்ன தொந்தரவும்மா?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. பூனைக்குத்தான் தூக்கம் இல்ல."

செவிலி சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பதிவேட்டில் எழுதிக்கொண்டு, உட்காரச் சொன்னாள். அந்த வாரத்தில் நாய்க்காகவும் பூனைக்காகவும் கிளிக்காகவும் தங்கள் நெஞ்சைக் காட்ட வந்தவர்களில் வைரமணி ஒன்பதாவது ஆள். தனக்காக வந்தவர் ஒருவரும் இல்லை.