முனவ்வர் பேகத்தின் கண் பரீட்சை

"ட, ப, ம, க..."

ஆம்பூர் கண் மையத்தில் காத்திருந்த முனவ்வர் பேகம் உதட்டுக்குள் முணுமுணுத்தாள். பக்கத்தில் அவள் மகள் தூபா.

"அம்மி, இன்னா ஓதுறே?"

"ஒண்ணுமில்ல. சும்மா இரு."

உள்ளே ஒருவர் திரையைப் பார்த்து எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். அட, அதே எழுத்துகள்! அம்மி அதைக் கேட்டு மனப்பாடம் செய்கிறாள்!

ஏன் என்று தூபாவுக்குத் தெரியும். அம்மிக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. தையல் கொஞ்சம் கோணினாலும் 'ரிஜெக்ட்' என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். கண்ணையும் அப்படி ரிஜெக்ட் செய்தால் வேலை போய்விடும் என்று அம்மிக்குப் பயம். போன வாரம் கண் சரியாகத் தெரியாமல் மிஷின் ஊசி விரலை உரசி ரத்தம் வந்தது. அதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை, பாவம்.

"அடுத்து வாங்கம்மா!" என்று கூப்பிட்டாள் பரிசோதனை செய்யும் அக்சா அக்கா.

அம்மி உட்கார்ந்தாள். கடைசி வரி வரை மடமடவென்று ஒப்பித்தாள்.

"அடேங்கப்பா! ஒண்ணுகூட தப்பில்ல!" என்றாள் அக்சா.

தூபா அம்மியின் விரலைப் பார்த்தாள். எல்லார் முன்னாலும் சொன்னால் அம்மிக்கு வெட்கமாகிவிடும். சொல்லாவிட்டால் அம்மியின் விரல் என்ன ஆவது?

அக்சாவின் காதருகே போனாள். "அக்கா, அந்த எழுத்தை மாத்த முடியுமா?"

அக்சா ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் எல்லாமே மாறிவிட்டது. "இன்னொரு தடவை படிங்கம்மா."

"ட, ப, ம, க!" என்றாள் அம்மி கம்பீரமாக.

அக்சா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தூபா அம்மியின் கையைப் பிடித்தாள்.

"அம்மி, எழுத்து மாறிப்போச்சு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எனக்கு உன் விரல் முழுசா வேணும்."

அம்மிக்குக் கண் கலங்கிவிட்டது. "மங்கலாத்தான் தெரியுதும்மா. கிட்டயும் அப்படித்தான்," என்றாள் மெதுவாக.

அக்சா ஒரு கேமராவில் அம்மியின் கண்ணுக்குள் படம் எடுத்தாள். ஆரஞ்சு நிறத்தில் வட்டமாக வந்தது. சிவப்பு ரத்தக்குழாய்கள் வேர் மாதிரி ஓடின. கண்ணுக்குள்ளே இவ்வளவு அழகா!

அந்தப் படம் ஐம்பது கிலோமீட்டர் தாண்டி வேலூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போனது. பஸ் இல்லை, டிக்கெட் இல்லை, கம்பெனிக்கு லீவும் இல்லை! கொஞ்ச நேரத்தில் அங்கிருந்த கண் டாக்டர் சத்தியநாதனே கம்ப்யூட்டரில் வந்துவிட்டார். தூபா வாயைப் பிளந்தாள்.

"உள்ளே எல்லாம் நல்லா இருக்கும்மா. கண்ணாடி போட்டா போதும்."

"அப்போ... என்னை ரிஜெக்ட் பண்ணலியா, சார்?"

"கண்ணை எப்படிம்மா ரிஜெக்ட் பண்றது? கண்ணாடி போட்டுக்கிட்டு தாராளமா தைங்க."

அக்சா சோதனைக் கண்ணாடியை அம்மிக்கு மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றினாள். அம்மி சட்டென்று நிமிர்ந்தாள். சுவரைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு தூபாவையே உற்றுப் பார்த்தாள்.

முத்தம்தான் கிடைக்கப்போகிறது என்று தூபா கன்னத்தை நீட்டினாள்.

"ஏ தூபா! கழுத்துல இன்னாடி இவ்ளோ அழுக்கு? இத்தினி நாளா தண்ணியைத் தொட்டுட்டு ஓடி வந்தியா?"

வேலூரில் இருந்த டாக்டர் சிரித்த சிரிப்பு ஆம்பூர் முழுக்கக் கேட்டிருக்கும்.