தலையணைக்குள் இருந்த கொப்பி

"எடி கலிஸ்ரா! இதென்னடி இது?"

காலைத் தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வந்த கலிஸ்ரா அப்படியே நின்றுவிட்டாள். பழந்தலையணையைப் பிரித்துப் பஞ்சைக் காயவைக்கப் போன மாமி சூசையம்மாவின் கையில் ஒரு நீலமட்டைக் கொப்பி!

பதினாறு வருடங்களாக இந்த வீட்டில் அவளுக்கு ஒரே பெயர்தான், புருசனின் கொப்பியை எரித்தவள். இயக்கத்தில் இருந்த மரியநேசன், பதுங்குகுழிக்குள் குந்தியிருந்து நாளுக்கொரு படமாகப் பேனையால் கீறிய கொப்பி. அவன் செத்தபிறகு, ஆமியிடம் சரணடையப் போகுமுன் எல்லாரும் எரித்ததுபோல் தானும் எரித்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள்.

"என்ர பிள்ளையின்ர கையெழுத்தைக்கூட எனக்குக் காட்டாமல், தலைக்குக் கீழ வைச்சுப் படுத்தனியோ... நீயும் ஒரு பொம்பிளையோ?"

"மாமி, உங்களைக் கும்பிடுறன்... கடைசிப் படத்தை மட்டும் பாக்காதேங்கோ!"

அதற்குள் சூசையம்மா திருப்பிவிட்டாள்.

படத்தில், முகம் கீறாத யாரோ ஒருத்தியின் மடியில், சூசையம்மாவின் இளைய மகன் மெல்ரொன். நெஞ்சில் காயம். மூடிய கண்கள். கீழே மரியநேசனின் எழுத்து: 'மாத்தளன், ஏப்ரல் 7. விடியத் தம்பியை மண்ணுக்குள்ள தாட்டாச்சு.' அதற்குப்பிறகு அவன் ஒரு கோடும் கீறவில்லை.

மெல்ரொன் உயிரோடு பிடிபட்டான் என்று யாரோ சொன்னதை நம்பி, அவன் படத்தை நெஞ்சில் பிடித்தபடி காணாமற்போனோர் போராட்டக் கொட்டகையில் நேற்றும் இருந்துவிட்டு வந்தவள் சூசையம்மா.

"உனக்கு... தெரியுமோடி?"

"ஓம் மாமி. அவன் வருவான் எண்டுதானே நீங்கள் எழும்பி நடக்கிறியள்... ரெண்டு வாய் சாப்பிடுறியள். அதை நான் எப்பிடிப் பிடுங்குறது? என்னைப் பேசினாப் பேசட்டும் எண்டு கிடந்தன். இனி என்னாலயும் ஏலாது மாமி... களைச்சுப்போனன்." கலிஸ்ரா நிலத்தில் குந்திவிட்டாள்.

"நான் காயத்தோட செஞ்சிலுவைக் கப்பலில போயிட்டனே... ஆற்ற மடியிலயடி என்ர பிள்ளை கிடக்கிறான்? முகம் தெரியேல்லையே..."

"என்ர மடியில, மாமி. தண்ணி கேட்டவன், பருக்கினனான். 'அம்மா தாங்கமாட்டா, சொல்லிப்போடாதேங்கோ அண்ணி' எண்டவன்..."

சூசையம்மா கத்திக் குழறவில்லை. கையை ஊன்றி மெல்ல மெல்ல நகர்ந்துவந்து, தன் நரைத்த தலையை அந்த மடியிலேயே சாய்த்தாள்.

"கொஞ்ச நேரம் இப்பிடியே கிடக்கவிடு, பிள்ளை..."