பிணம் ஆடாது

சங்ககிரிக்குத் தெற்கே, கரும்புக் காட்டுக்கு நடுவே நின்ற பழைய ஓட்டு வீட்டின் வாசலில் அங்கமுத்து சைக்கிளை நிறுத்தியபோது காலை பத்தரை மணி. எழுபத்தாறாம் வருஷம், சித்திரை வெயில். மேளக்காரர்கள் வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒப்பாரி ஓய்ந்து, பெண்கள் அடுத்த சுற்றுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எழவு வீட்டில் படமெடுக்க அவன் போவது முப்பதாவது தடவையோ நாற்பதாவது தடவையோ.

கல்யாணத்துக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை. அது அவனே தேடிக்கொண்ட வினை.

ஜலகண்டாபுரத்தில் ராத்திரி ஷிஃப்டில் தறி ஓட்டியவன், ஒருநாள் அந்த வேலையை உதறிவிட்டு, சேலத்துப் பழைய சாமான் கடையிலிருந்து வெள்ளைக்காரன் காலத்து மடக்குக் கேமரா ஒன்றைத் தூக்கிவந்தான். சொல்லித்தர ஆளில்லை. நான்கு சுருள் பிலிமைப் பாழாக்கி, எந்த வெளிச்சத்துக்கு எவ்வளவு திறக்க வேண்டும், எத்தனை அடிக்கு முள்ளை எங்கே நிறுத்த வேண்டும் என்று தானே கண்டுபிடித்தான். லென்ஸைச் சட்டைத் துணியால் துடைத்தால் கீறும், நைந்துபோன மல் வேட்டிதான் ஆகும். துடைப்பதற்கு முன் தூசியை ஊத வேண்டும், ஊதும்போது எச்சில் தெறிக்கக் கூடாது. எல்லாமே கெடுத்துக் கெடுத்துக் கற்றது. ஒரு மழைக்காலத்தில், லென்ஸைத் திறந்து மூடும் சட்டர் திக்கியது. தறிக்காரனுக்குத் திக்குகிற எதற்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தறிக்கு விடும் எண்ணெயில் நான்கு சொட்டு விட்டான்.

சட்டருக்கு எண்ணெய் ஆகாது. அதன் மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கண்ணிமைப்பதற்குள் மூட வேண்டியது, இரண்டு எண்ணும்வரை திறந்தே கிடந்தது. பெட்ரோலில் கழுவியும் தேறவில்லை. அதற்குப் பிறகு அவன் எடுத்த மாப்பிள்ளைகளுக்கு இரண்டு மூக்கு. குழந்தைகளுக்கு முகமே இல்லை.

செத்தவர்கள் மட்டும் கல்லில் செதுக்கியதுபோல விழுந்தார்கள்.

பிணம் ஆடாது. அதுவே அவன் தொழிலாகிவிட்டது.

இன்றைக்குப் பாப்பாயி. வீட்டுக்காரன் நாச்சிமுத்துவின் பெண்டாட்டி, இருபத்திரண்டு வயது. விடியலில் எழுப்பியபோது எழவில்லை. கணுக்காலில் இரண்டு புள்ளி இருந்தது, கட்டுவிரியன் என்றார்கள். அவளை வாசல் நடையில் நாற்காலியில் உட்காரவைத்து, நழுவாமலிருக்க இடுப்பில் துண்டு சுற்றிக் கட்டியிருந்தார்கள். தாடைக்கட்டு, நெற்றியில் காசு, மடியில் கைகள். சாம்பிராணிப் புகை, வாடிய செண்டுமல்லி, புதுச்சேலையின் கஞ்சி வாசனை. பிணத்தின் வாசனை மட்டும் இன்னும் வரவில்லை.

நாலு மணிக்குத் தோட்டத்து மூலையில் அடக்கம். பாப்பாயியின் அம்மா பொன்னாத்தாள் ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்துசேர ராத்திரியாகிவிடும். அதுவரை போட்டுவைக்க முடியாது, அந்தம்மா படத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டான். சொல்லிக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இருபுறமும் உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

அங்கமுத்து கேமராவை முக்காலியில் முடுக்கி, எப்போதும் சொல்வதைச் சொன்னான். தான் ஆச்சு என்கிறவரை மூச்சை அடக்க வேண்டும், இமைக்கவும் கூடாது.

ஓரத்தில் நின்ற கிழவர், "பாப்பாயிகிட்டயும் சொல்லிப்போடப்பா. நின்ன எடத்துல நிக்காத புள்ள," என்றார். யாரோ சிரிப்பைத் தும்மலாக்கி அடக்கினார்கள்.

சட்டர் திறந்தது. ஒன்று. இரண்டு. மூடியது.

அவன் அறை சங்ககிரியில் லாரிப் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலில் கம்பளியை அடித்து, கும்மிருட்டில் பிலிமை மருந்தில் இழுத்தான். வெளியே பட்டறையில் இரும்பு அடிக்கும் சத்தம். உள்ளே புளித்த மருந்து வாசனை. மணி ஒன்றுக்குக் கம்பளியை விலக்கி, ஈரம் சொட்டும் நெகடிவை வெளிச்சத்தில் பிடித்தான்.

உறவுக்காரர்கள் கல்லாய் நின்றார்கள். நாச்சிமுத்துவும் கல்லாய் நின்றான்.

பாப்பாயியின் வலது கை கலங்கியிருந்தது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். சுண்டுவிரல் மூன்று இடத்தில் இருந்தது. இமையோரத்தில் மங்கலாக ஒரு கோடு, திறக்கப் பார்த்து முடியாமல் போனதுபோல.

கேமரா ஆடியிருந்தால் எல்லோரும் ஆடியிருப்பார்கள்.

காற்றும் இல்லை.

சைக்கிளை மிதித்தால் அரைமணி நேரம். அடக்கத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. அங்கமுத்து உட்கார்ந்தான். எல்லாம் எண்ணெய் செய்த கோளாறு என்று சொல்லிப் பார்த்தான். எழவு வீட்டில் போய்ப் பிணம் ஆடியது என்று சொல்லி, அவள் நிஜமாகவே பிணமாக இருந்தால், அப்புறம் எந்த வீடு கூப்பிடும்? மறுபடி ராத்திரி ஷிஃப்ட், மறுபடி தறி. நெகடிவ் காயட்டும், போவோம் என்று நினைத்தான். காய்ந்தது. ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைத்தான். சிவப்பு பல்பின் கீழ், மருந்துத் தட்டில், மூன்று சுண்டுவிரலோடு அந்தக் கை மெல்ல மேலே வந்தது. மூன்று மணிக்குக் கதவைப் பூட்டி சைக்கிளில் ஏறினான். முக்கு டீக்கடைவரை போனான். ஒரு டீ குடித்தான்.

திரும்பி வந்துவிட்டான்.

ஐந்தரைக்கு நாச்சிமுத்து வந்தான். நகக்கண்ணில் செம்மண். படத்தை வாசல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தான்.

"கை ஆடியிருக்குதே."

"ஆமாங்க. சட்டர் கொஞ்சம் திக்குதுங்க."

நாச்சிமுத்து தலையாட்டினான். மழை பெய்யுமா என்று பேசுகிற குரலில், "குழில எறக்கறப்பவும் கை சூடாத்தான் இருந்துச்சு. வெயிலுப்பா," என்றான்.

அங்கமுத்து படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"அவங்கம்மா பாக்கோணும். கையை நேராக்கிக் குடு."

இப்போதும் தோண்டலாம். அந்த நினைப்பு வந்தது, கொஞ்சம் நின்றது, போனது. அங்கமுத்து பிளேடை எடுத்து, நெகடிவில் மூன்று விரலில் இரண்டைச் சுரண்டி எடுத்தான். இமையோரத்துக் கோட்டைப் பென்சிலால் அடைத்தான். புதிதாய்ப் போட்ட பிரிண்டில் பாப்பாயி முழுப் பிணமாக இருந்தாள்.

மறுநாள் காலையில் பொன்னாத்தாள் அவன் அறையைத் தேடிக்கொண்டு வந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. படத்தை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அவன் வலது கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"தூங்கறாப்பலயே இருக்குது சாமி. எடுத்த கைக்கு ஒரு கொறையும் வராது."

அவள் போனபின் கேமராவைத் துடைக்க எடுத்தான். லென்ஸ் மங்கியிருந்தது. ஊதி, மல்துணியால் துடைத்தான். மங்கல் போகவில்லை. பின்பக்கத்தைத் திறந்து, உட்பக்கக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தான்.

விரல் தடம். ஈரம் காயாமல்.

துடைத்தான். சாயங்காலம் மறுபடி இருந்தது.

அடுத்த நாள் லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் தோல் மடிப்பில் பொத்தல்கள் கண்டான். பிறை பிறையாக, நகத்தின் அளவில். தோலின் பிசிறுகள் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. கறுப்புத் துணி வெட்டிப் பசை தடவி ஒட்டினான். விடிவதற்குள் ஒட்டு ஒவ்வொன்றும் மேசையில் உதிர்ந்து கிடந்தது. பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். ஒரு பிடி செம்மண் கொட்டியது.

அன்று மத்தியானம், பட்டறைச் சத்தம் நின்ற சாப்பாட்டு நேரத்தில், விரித்துவைத்த கேமராவின் தோல் மடிப்பு மெல்ல உப்பியது.

மெல்லச் சுருங்கியது.

ஜன்னல் மூடியிருந்தது. மறுபடி உப்பியது, நெஞ்சுமேல் பாரம் வைத்தவர்கள் மூச்சு இழுப்பதுபோல, பாதிவரைக்கும்தான்.

அங்கமுத்து அதன் அருகே குனிந்தான். மூன்று நாளைக்கு முன், மணி ஒன்றுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை, கிசுகிசுப்பாக, அந்தப் பெட்டியிடம் சொன்னான்.

"நீங்க சாகலீங்க, சாமி."

தோல் மடிப்பு சட்டென்று நின்றது, கேட்டதுபோல.

பிறகு வேகவேகமாக ஏறி இறங்கத் தொடங்கியது.